பாவாயி கட்டில் இன்னைக்குக் காலியாகுது

சித்தெ தள்ளி உக்காருங்க தம்பி, அந்தப் பக்கம் வெயில் வந்துரும். எஸ்தரம்மாளைப் பாக்கோணுமா? உள்ளதான் இருக்குது. இப்ப வராது. டிபன் மணி அடிச்சு எல்லாரும் சாப்பிட்டு முடியற வரைக்கும் கலெக்டரே வந்தாலும் இந்த பெஞ்சுலதான் உக்காரோணும். அப்படி ஒரு சட்டம் போட்டு வச்சிருக்குது அந்தம்மா. நடத்தறது ஒரு முதியோர் இல்லம், ரவுசு என்னமோ ராஜாங்கமே நடத்தற மாதிரி.

யாருக்குங்க, அம்மாவுக்கா? போன்ல இடமில்லைன்னு சொல்லிப்போட்டாங்களா? அப்படித்தான் சொல்லுவாங்க. நேர்ல வந்து கையைப் பிசைஞ்சுட்டு நின்னா மனசு எரங்கும்னு வந்திருக்கீங்க. எரங்காது. ஆனா நீங்க நல்ல நேரத்துல வந்திருக்கீங்க தம்பி. இன்னைக்கு ஒரு கட்டில் காலியாகுது. எங்கக்கா கட்டில். பேரு பாவாயி. ஜன்னலோரம், காத்து நல்லா வரும். நான் கூட்டிட்டுப் போக வந்திருக்கறேன். அதோ வேப்பமரத்தடியில நிக்குது பாருங்க வெள்ளைக் கார், நான் புடிச்சுட்டு வந்ததுதான். பின் சீட்டுல தலகாணியெல்லாம் போட்டு வச்சிருக்கறேன். அக்கா எந்திரிச்சதும் நீங்க உங்க அம்மாவைக் கொண்டாந்து படுக்க வச்சுரலாம். நான் சொன்னேன்னு சொல்லுங்க. நாச்சிமுத்து, ஈரோட்டு மஞ்ச மண்டி. எல்லாருக்கும் தெரியும்.

மண்டியில முப்பது வருசம் உக்காந்தவனுங்க நான். மூட்டையில கையை விட்டு ஒரு மஞ்ச விரலியை ஒடிச்சுப் பாத்தாப் போதும், மொத்தச் சரக்கும் எப்படின்னு சொல்லிப்போடுவேன். மேல பளபளன்னு இருக்கும், ஒடிச்சா உள்ள வெளுத்துக் கெடக்கும். இந்த முதியோர் இல்லமெல்லாம் அந்தச் சரக்குதான். இந்தச் சுத்துவட்டாரத்துல இருக்கற அத்தனையும் நான் ஒடிச்சுப் பாத்துட்டேன்.

எதுக்குப் பாத்தேன்னு கேளுங்க. எங்கக்கா கண்ணாலமாகி ரெண்டாம் வருசமே மாமன் போய்ச் சேந்துட்டாரு. கொழந்தை குட்டி இல்லை. எங்கப்பன் அவளைக் கூட்டிட்டு வந்து எங்கூட்டுல உட்டுப்போட்டு, அவ பேருக்கு ரெண்டு ஏக்கராவும் எழுதி வச்சுப்போட்டுக் கண்ணை மூடிட்டாரு. அன்னையிலிருந்து நான்தான் பாத்துக்கறேன். ராணி மாதிரி வச்சிருந்தனுங்க. நாலு பேர் வாசல்ல போய்க் கூலிக்கு நின்னான்னு ஒரு சொல்லு வர உட்டதில்லை. சமையக்கட்டு பூராவும் அவ கையில. என்ற பொண்டாட்டி சாமியாத்தா அந்தப் பக்கம் எட்டியே பாக்க மாட்டா. ஒறம்பரை, சொந்தக்காரங்கன்னு இருவது பேரு வந்தாலும் அக்கா ஒருத்திதான் செய்வா. அந்த மரியாதையை எந்த ஊட்டுலயுங்க குடுப்பாங்க?

போன தை மாசம் கிரைண்டர் கல்லைத் தூக்கிக் கழுவறப்ப வழுக்கி உழுந்துட்டா. இடுப்பு எலும்பு போச்சு. காப்பி இன்னும் வரலையேன்னு நான்தான் மொதல்ல போய்ப் பாத்தேன். நான் போகலைன்னா இன்னும் எவ்வளவு நேரம் கெடந்திருப்பாளோ. ஆபரேசன் பண்ணிப்போட்டு டாக்டர் சொல்றான், பக்கத்துல ஒரு ஆள் வேணும், தூக்கி உக்கார வெக்கோணும், கழுவி உடோணும்னு. சாமியாத்தாளுக்கு முழங்கால் வலி. அவளே செவுத்தைப் புடிச்சுட்டு நடக்கறா. வீட்டுக்கு ஒரு நர்ஸ் புள்ளையைக் கூப்பிட்டம். அது அக்காளைப் பாத்துச்சா, போனைப் பாத்துச்சான்னா போனைத்தான் பாத்துச்சு. ரெண்டே வாரம். போதும் தாயின்னு அனுப்பிப்போட்டேன்.

அப்பறம் தேடறேன் தேடறேன், தேடிட்டே இருக்கறேன். பைபாஸ் பக்கத்துல ஒண்ணு இருக்குது பாத்தீங்களா, ஆர்ச் வச்சு, பவுண்டன் வச்சு? உள்ள போனா சென்ட்டு வாசம். டை கட்டுன ஒரு பையன் கேக்கறான், அவங்க தானே குளிப்பாங்களா, தானே நடப்பாங்களா, தானே சாப்பிடுவாங்களா? இல்லைப்பா, அதுக்குத்தானே இங்க வந்திருக்கறேன்னேன். சாரி சார், எல்லாம் தானே செஞ்சுக்கறவங்களை மட்டும்தான் நாங்க சேத்துவோம்னுட்டான். எல்லாத்தையும் தானே செஞ்சுக்கறவளா இருந்தா எதுக்குடா உன்றகிட்ட வந்து உடறேன், எங்கூட்டுலயே வச்சுக்க மாட்டனான்னு கேட்டுப்போட்டு வந்தேன்.

அந்தியூர் ரோட்டுல ஒண்ணு. அது முந்தி கோழிப்பண்ணை. சத்தியமாச் சொல்றனுங்க, செவுத்துல சுண்ணாம்பு அடிச்சிருக்கான், ஆனா மழை வந்தா வாசம் வருது. வரிசையாக் கட்டில். எல்லாருக்கும் ஒரே மாதிரி நைட்டி, ஒரே மாதிரி மொட்டை. பேன் வருதுன்னு மொட்டையாம். நான் போன அன்னைக்கு எவனோ ஒரு பைனான்ஸ்காரன் புள்ளைக்குப் பொறந்தநாள். கேசரி பொட்டலத்தைக் கையில குடுத்து, போட்டோ எடுக்கற வரைக்கும் யாரும் திங்கக்கூடாதுன்னு சொல்லிப்போட்டாங்க. ஒரு கெழவி கேமராவையும் பாக்கறா, கேசரியையும் பாக்கறா. இதுக்குப் பேரு தருமமாமா.

அதைக்கூட மன்னிச்சுரலாம். இன்னொருத்தன் கல்யாண மண்டபத்தை முதியோர் இல்லமா மாத்திருக்கறான். முகூர்த்தம் வரலை, நட்டமாம். பந்தி போடற எடத்துல கட்டில் போட்டிருக்கான். ரொம்ப முடியாததுகளை எங்க வச்சிருக்கான்னு நெனைக்கறீங்க? மணமேடையில! மேல சீரியல் பல்பு அப்படியே தொங்குது. 'மணமகள் அறை'ன்னு போர்டு போட்ட ரூம்புல ஆக்சிஜன் சிலிண்டர். மேடைக்குக் கீழ நின்னு பாத்தா, நாலு பேரு வாயைத் தொறந்துட்டுப் படுத்திருக்காங்க, பின்னால நட்சத்திரமும் நெலாவும் ஒட்டுன துணி. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு, அப்பறம் சிரிச்சதுக்கு வெக்கமாப் போச்சு. சரி, அவசரத்துக்கு ஆகுமேன்னு, ஒரு மூணு மாசத்துக்குத்தானேன்னு, எடம் இருக்குதான்னு கேட்டேன். அவனும் இல்லைன்னுட்டான் தம்பி! வெயிட்டிங்குல இருக்கறீங்கன்னான். வெளைஞ்ச மஞ்ச பூரா வெள்ளத்துல போன வருசங்கூட மண்டியில இப்படி ஒரு கிராக்கி நான் பாத்ததில்லை.

கடைசியா இங்க. எஸ்தரம்மா கவர்மெண்ட் ஆசுபத்திரியில நர்சா இருந்து ரிட்டையரானது. ஒரு கட்டில் காலியாச்சுன்னு போன் வந்துது, ஓடி வந்தேன். வந்தா, சீக்கு என்ன, மாத்திரை என்னன்னு கேட்டுச்சு, சரி. அதுக்கப்பறம் ஒரு கேள்வி கேட்டுச்சு பாருங்க. உங்கக்காவுக்கு என்ன சாப்பிடப் புடிக்கும்? இதென்னங்க கேள்வி? மாப்ளை வீட்டு விருந்தா நடக்குது? எது மிச்சமிருக்குதோ அது புடிக்கும்ங்கம்மான்னு சிரிச்சேன். தமாசுக்குத்தான். அந்தம்மா சிரிக்கவே இல்லை. சிரிக்கத் தெரியாத பொம்பளை. படுத்துட்டிருந்த அக்காகிட்டயே குனிஞ்சு கேட்டுச்சு. அவளுக்கு என்ன சொல்லத் தெரியும்? எது இருந்தாலும் சரின்னா. அந்தம்மா விடலை. நாளைக்குச் சொல்லுங்க, யோசிச்சுச் சொல்லுங்கன்னுது. எடுப்பு, திமிரு!

பணத்துக்கு ஒண்ணும் கொறை வெக்கலைங்க நான். அக்கா பேர்ல இருக்கற ரெண்டு ஏக்கராவோட குத்தகைப் பணம் நேரா இங்க வர்ற மாதிரி நான்தான் ஏற்பாடு பண்ணிக் குடுத்தேன். என்ற கையிலிருந்து போறதும் அவ கையிலிருந்து போறதும் ஒண்ணுதானே? அதுவே இப்ப வெனையாப் போச்சு. நிறுத்திருவேன்னு சொல்லக்கூட எனக்கு வழி இல்லை.

ஒரு ரெண்டு மாசம் கழிச்சு ஒருநாள் சொல்லாமக் கொள்ளாம வந்து நின்னேன். அப்பத்தானே விரலியை ஒடிச்சுப் பாக்க முடியும்? பாத்தா, அதோ அந்தத் தகரக் கொட்டாய்க்குள்ள, எங்கக்கா நாற்காலியில உக்காந்து கத்தியைப் புடிச்சுட்டு அவரைக்காய் அரிஞ்சுட்டிருக்கறா! கூட நாலு கெழவிக. அரியறதும், ஊர்க்கதை, பழமைன்னு பேசறதும், ஒருத்தியை ஒருத்தி அடிச்சுட்டுச் சிரிக்கறதும். எனக்கு வந்துது பாருங்க கோவம். காசும் வாங்கிட்டு வேலையும் வாங்கறீங்களா, இடுப்பு ஒடிஞ்ச பொம்பளைகிட்ட, வயசானவகிட்ட, உங்களுக்கெல்லாம் மனசாட்சியே இல்லையான்னு இந்த வாசல்ல நின்னு கத்துனேன். ரோட்டுல போனவங்களெல்லாம் நின்னு பாத்தாங்க. பொழுதுக்கும் ஒருத்தியை ஒக்கார வச்சு வேலை வாங்கறது எவ்வளவு பெரிய பாவம்! கலெக்டருக்கு எழுதிப் போடுவேன்னேன்.

எஸ்தரம்மா நாளையிலிருந்து அவங்களுக்குக் காய் குடுக்க மாட்டோம்னு மட்டும் சொல்லுச்சு. ஜெயிச்சுட்டேன்னு நெனச்சேன். அக்கா மூஞ்சியைப் பாத்தா, என்னையக் கொன்னு போடற மாதிரி பாக்கறா. அவளுக்காகத்தானுங்க கத்துனேன்! அதுக்கப்பறம் போன் போட்டாப் பேசலை. எங்கக்கா என்றகிட்டப் பேசாம இருந்ததே இல்லைங்க. சின்னதுல அடிச்சிருக்கறா, பேசாம இருந்ததில்லை. எனக்கு ரொம்ப அவமானமாப் போச்சு.

இப்ப அவ காய் அரியறதில்லை. அதே கொட்டாய்ல அதே கெழவிகளோட சும்மா உக்காந்துட்டுப் பழமை மட்டும் பேசறாளாம். சும்மா! எங்கக்கா சும்மா உக்காந்து நான் பாத்ததே கெடையாது. நல்லா இருந்த பொம்பளையை எப்படிக் கெடுத்து வச்சிருக்காங்க பாருங்க.

இங்க இப்படின்னா ஊட்டுல கேக்கவே வேண்டாம். சாமியாத்தா வெக்கற ரசத்தைக் குடிச்சா ஒரு நாள் பூராவும் நாக்குல ஒட்டிக்குது. மிக்சி ரெண்டு தடவை புகைஞ்சு போச்சு. காலையில டிபன் வெளிய வர்றதுக்குள்ள மத்தியானம் ஆயிருது. இந்த நேரம் பாத்து என்ற பொண்ணு கோகிலா வர்றா, தலைப்பிரசவத்துக்கு. அடுத்த வாரம் வளைகாப்பு. பத்தியச் சமையல், புள்ளைக்குக் குளிக்க வாக்கறது, அத்தனையும் எங்கக்காளுக்குத்தான் தெரியும். கோகிலாவையே அவதானே வளத்துனா. அவ இல்லாம அந்தப் புள்ளைக்கு யார் பாக்கறது சொல்லுங்க? இப்ப அக்காளும் குச்சி புடிச்சுட்டு நல்லா நடக்கறா. டாக்டரே சொல்லிப்போட்டான். அப்பறம் எதுக்கு இங்க?

போன வாரம் கூட்டிட்டுப் போக வந்தேன். எஸ்தரம்மா குறுக்க வந்து ஒரு கேள்வி. கூட்டிட்டுப் போங்க, தாராளமா. ஊட்டுல அவங்களுக்கு யார் சமைச்சுப் போடுவாங்க? எனக்கு ஒண்ணும் வெளங்கலை. யாருக்குங்க, அக்காளுக்கா? எங்கக்காளுக்கு ஒருத்தர் சமைச்சுப் போடறதா? நர்சு வேலையில ஊசி போட்டுப் போட்டு அந்தம்மாளுக்குப் புத்தி மரத்துப் போச்சுன்னு நெனச்சுட்டேன். அக்கா பக்கத்துலதான் நின்னா. யோசிச்சுச் சொல்றேன், அடுத்த வாரம் வான்னா. யோசிக்கறாளாம்! அதுதான் இன்னைக்குக் காரோடயே வந்துட்டேன். காரைப் பாத்தா ஏறிருவா. மனசுக்குள்ள ஆசை இருக்கும், சொல்லத் தெரியாது.

இருங்க, மணி அடிக்குது. டிபன் மணி. அந்த ஜன்னல்ல பாருங்க, நல்லாத் தெரியும். அக்கா! அக்கா, நான்தான் நாச்சிமுத்து, வந்துட்டேன்! கெளம்பலாமா?

...என்னங்கறா கேட்டீங்களா? இருடா, சாப்பிட்டு வர்றேங்கறா. என்னையப் பாத்து! நான் மண்டியிலிருந்து வந்து செருப்பைக் கழட்டறதுக்குள்ள தட்டு வெச்சுருவாளுங்க அவ. இன்னைக்கு நான் பச்சைத் தண்ணி கூடக் குடிக்காம வந்திருக்கறேன், அவ என்னைய பெஞ்சுல உக்காரச் சொல்றா.

பாருங்க பாருங்க, மொத ஆளா போய் உக்காந்துட்டா. எங்கூட்டுல எல்லாரும் சாப்பிட்டு, பாத்திரத்தை ஒதுங்க வச்சு, அதுக்கப்பறம் அடுப்பு பக்கத்துல ஒரு ஓரமா உக்காந்து சாப்பிடறவ. மாவு மிச்சமிருந்தா கடைசியா ஒரு தோசை ஊத்திக்குவா, இல்லைன்னா பழைய சோறு. நான் ஒருநாள்கூட வேண்டாம்னு சொன்னதில்லைங்க, அவ இஷ்டம்னு உட்டுருவேன். இங்க பாருங்க, எப்படி சம்மணம் போட்டு... இல்லை, நாற்காலியிலதான் உக்காந்திருக்கறா. அந்தச் சமையக்காரி தோசைக் கல்லுலேருந்து நேரா அவ தட்டுல கொண்டாந்து போடறா. முறுகலா, சிவக்கச் சிவக்க. ஒடைக்கறா பாருங்க, சத்தம் இங்க வரைக்கும் கேக்குது.

முறுகல் தோசை அவளுக்குப் புடிக்கும்னு எனக்குத் தெரியவே தெரியாதுங்க. சாமி சத்தியமா. அவ சாப்பிட்டு நான் பாத்ததில்லை. எனக்குத்தான் முறுகலா வேணும். கருக்காம, நடுவுல மட்டும் மெத்துன்னு. அதை எப்படிச் சுடறதுன்னு அவளுக்குத்தான் தெரியும். நான் ஒண்ணு சாப்பிட்டுட்டிருக்கறப்பவே அடுத்தது கல்லுல இருக்கும். அவளுக்கும் புடிக்கும்னா சொல்லியிருக்கலாமில்ல? வாயிருக்குதில்ல?

அட, இன்னொண்ணு கேக்கறா! தட்டை நீட்டிக் கேக்கறா தம்பி! கூச்சமே இல்லாம. இதுக்குத்தான் சொல்றேன், இந்த மாதிரி எடத்துல உட்டா மனுசங்களோட கொணமே மாறிப் போயிரும். உங்க அம்மாவை யோசிச்சுச் சேத்துங்க.

வந்துட்டா, வந்துட்டா. எந்திரிக்காதீங்க, உக்காருங்க. அக்கா, தம்பி அவிய அம்மாவுக்கு எடம் கேட்டு வந்திருக்கறாரு. உன்ற கட்டிலைக் குடுக்கறேன்னு சொல்லிருக்கறேன். போலாமா? பொட்டி எங்க? ...என்னக்கா? இல்லை, நான் சாப்பிடலை. ...போற வழியில முக்குக்கடையில சாப்பிட்டுக்கறதா? நானா? அப்ப நீ?

...கோகிலாவுக்கு உன்னைய உட்டா யாருக்கா இருக்கறாங்க? ...போன்ல சொல்றதா? பத்தியமா? சாமியாத்தாளுக்கு முழங்கால் வலின்னு உனக்குத் தெரியாதா? ...நானா? நான் கத்துக்கறதா? என்ற கை நல்லாத்தானே இருக்குதுங்கறயா? இதென்னக்கா பேச்சு, அதுவும் மூணாம் மனுசங்க முன்னால. ...சரி. சரிக்கா. கொழந்தை பொறந்ததும் எடுத்துட்டு வந்து காட்டறேன். அக்கா, அந்தத் தலகாணியாவது... அக்கா...

போயிட்டா. கொட்டாய்க்குப் போறா பாருங்க, அந்தக் கெழவிக கையைக் காட்டிக் கூப்பிடறாளுக. குச்சியை என்ன வீசு வீசி நடக்கறா. எங்கூட்டுல அவ இப்படி நடந்து நான் பாத்ததே இல்லை.

கேட்டீங்கல்ல நீங்களும்? கூடப் பொறந்தவனை வாசலோட அனுப்பிப்போட்டா. இதெல்லாம் அந்த எஸ்தரம்மா சொல்லிக் குடுத்தது. கட்டிலும் காலியாகலை, எனக்கும் தலை எறக்கம். மன்னிச்சுக்கோங்க தம்பி, உங்களுக்கு வாக்குக் குடுத்துப்போட்டேன். அந்த மண்டபத்துல வேணும்னா கேட்டுப் பாருங்க, மேடையில எந்நேரமும் ஒண்ணு காலியாகும்.

போறப்ப உங்க காதுல என்னமோ சொன்னாளே, என்னங்க சொன்னா? ...அடுத்து எடம் காலியானா எஸ்தரம்மா கேக்கும், அம்மாவுக்கு என்ன புடிக்கும்னு தெரிஞ்சு வச்சுக்கங்கன்னா? பாத்தீங்களா, அவளுக்கும் அந்தம்மா புத்தியே வந்துருச்சு. சரி, சொல்லிப்போடுங்க. உங்க அம்மாவுக்கு என்ன புடிக்கும்?

என்ன தம்பி இத்தனை யோசனை? உங்க அம்மாதானே? அட, எதுக்கு எந்திரிச்சு அந்தப் பக்கம் போறீங்க? போன் யாருக்கு, அம்மாவுக்கா?

கேளுங்க, கேளுங்க. எது இருந்தாலும் சரி கண்ணுன்னுதான் சொல்லும். எங்கக்காளும் நாப்பது வருசமா அப்படித்தானுங்க சொல்லிட்டிருந்தா.